பொம்மை யாரிடம்?

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, என் பல்லில் அந்தப் பிளாஸ்டிக் பொம்மை 'கடக்' என்று இடறியது. அதை வெளியே எடுத்துக் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் அதை நாக்கால் ஒதுக்கிக் கன்னத்துக்குள் தள்ளிவிட்டு, ரொட்டியை மென்றுகொண்டே இருந்தேன்.

எங்கள் ஊர் குவாதலஹாராவில் எல்லா வீடுகளிலும் அன்றைக்கு வளைய ரொட்டி வெட்டுவார்கள். அதற்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன யேசு பொம்மை புதைந்திருக்கும். பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமாலே, அதாவது சோள உமியில் சுற்றி அவித்த மாவுப் பொதி, போட வேண்டும். மற்ற வீடுகளில் தண்டனை அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் அப்பா தனியாக ஒரு சட்டம் போட்டிருந்தார். பொம்மை கிடைத்தவர்தான் புனித வாரத்துக் கடற்கரைப் பயணத்தையும் பொறுப்பேற்று நடத்த வேண்டும். குழப்பம் வரக் கூடாதென்று ரொட்டிக்காரரிடம் ஒரே ஒரு பொம்மை போடச் சொல்லி வைப்பார்.

கடற்கரைப் பயணம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு பேர், நான்கு நாள், குவாயாபிதோஸ் கடற்கரையில் இரண்டு அறை. யார் யாரோடு படுப்பது, யாருக்குக் கட்டில், யாருக்குத் தரை, மிளகாய் எத்தனை கிலோ, குழந்தைகளுக்கு வாந்தி வந்தால் பை யாரிடம் என்று எல்லாவற்றையும் ஒருத்தர் யோசிக்க வேண்டும். அங்கே போனதும் விடியற்காலையில் ஓடிப்போய் ஓலைப் பந்தல் ஒன்றில் துண்டைப் போட்டு இடம் பிடிக்க வேண்டும். மூன்று வேளையும் சமைத்து, மூன்று வேளையும் பாத்திரம் கழுவ வேண்டும். மற்றவர்கள் ஓய்வெடுத்துவிட்டு, "ச்சே, என்ன நிம்மதி" என்பார்கள். பொம்மை கிடைத்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்.

ஐந்து வருடத்தில் மூன்று முறை அது எனக்குத்தான் வந்திருந்தது. வராத வருடங்களிலும் வேலை என் தலையில்தான் விடிந்தது. "அம்பாரோவுக்கு என்ன, புருஷனா பிள்ளையா" என்பது எங்கள் குடும்பத்தின் கீதம். எனக்கு நாற்பத்தேழு வயது. ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க அடுத்தவர் பல்வலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வருடத்தில் அந்த நான்கு நாளாவது கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்க அல்ல.

ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாத் துண்டும் தீர்ந்தது. பொம்மையைக் காணோம்.

"யாருய்யா முழுங்கினது? ஒழுங்கா ஒத்துக்கங்க" என்றாள் என் தங்கை சோகோரோ. எல்லோர் கண்ணும் அவள் புருஷன் ஃபிதென்சியோ மேல் போனது. ஒரு வருடம் அவன் நிஜமாகவே முழுங்கியிருக்கிறான், வேலைக்குப் பயந்து.

"என்னை ஏன் பாக்கறீங்க? சத்தியமா இந்தத் தடவை நான் இல்ல. வேணும்னா வயித்தக் கிழிச்சுப் பாருங்க."

"உன் வயித்தக் கிழிச்சா பொம்மை மட்டுமா வரும்? போன வருஷம் காணாமப்போன என் கரண்டிகூட வரும்" என்றார் அம்மா.

ஃபிதென்சியோ என் பக்கம் திரும்பினான். "என்ன அண்ணி, இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை திட்டல? வாயில கொழுக்கட்டையா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு மூக்கைச் சிந்துவதுபோலத் துடைதாளை எடுத்துப் பொம்மையை அதற்குள் துப்பி, மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மேசையில் சண்டை வலுத்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சரிதான். பொம்மை இல்லாவிட்டால் பயணமும் இல்லை என்று தம்பி எஃப்ராயின் சொல்ல, அவன் பிள்ளைகள் மூன்றும் அழத் தொடங்கின.

அப்போதுதான் அப்பா கையை உயர்த்தினார். மூடிய கை.

"கத்தாதீங்க. எங்கிட்டதான் இருக்கு."

"அப்பா! இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?"

"நீங்க எல்லாரும் எவ்வளவு பெரிய திருடங்கன்னு பார்க்கத்தான்."

கையைத் திறக்கச் சொல்லிக் குழந்தைகள் தொங்கின. அவர் திறக்கவில்லை. அதைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு, வெறுமையாக எடுத்துத் தட்டிக் காட்டினார். அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தவள் அந்த மேசையில் நான் ஒருத்திதான். பயணம் நின்றுபோகக் கூடாதென்று கிழவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, நிம்மதி.

என் அப்பா சிப்ரியானோ முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். கூட்ட நேரத்தில் பின் கதவால் ஏறுகிறவர்கள் காசை முன்னால் நிற்பவரிடம் கொடுப்பார்கள். அது தோள் தட்டித் தோள் தட்டி, கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் வந்து சேரும். மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பிப் போகும். யார் காசு அனுப்பினார், யார் அனுப்பாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதெல்லாம் கண்ணாடியில் தெரியும் என்பார். "குடுக்காதவன் மூஞ்சியில ஒரு அமைதி இருக்கும்பாரு, அது குடுத்தவன் மூஞ்சியில இருக்காது." இதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன பயன்?

அன்றிலிருந்து அப்பா பத்து வயது குறைந்தவர்போல ஆனார். எழுபத்தாறு வயதில், இதயத்துக்கு மூன்று வேளை மாத்திரை போடுகிற மனிதர், பேரனின் கணக்கு நோட்டைப் பிடுங்கிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்துவிட்டார். பேருந்து நேர அட்டவணை போலக் கோடு போட்டார். நாலு பத்துக்குப் புறப்பாடு. இக்ஸ்லானில் முதல் நிறுத்தம், சிறுநீருக்கு மட்டும், தின்பண்டத்துக்கு இல்லை. யார் எந்த வேலை செய்வது என்று பெயர் வாரியாகத் தனித் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டினார்.

"என்னப்பா எழுதியிருக்கீங்க, காட்டுங்க" என்றேன்.

"வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி எந்த டிரைவராச்சும் எல்லா ஸ்டாப்பையும் கத்திச் சொல்வானா? அங்க போயிதான் பிரிக்கணும்."

"எனக்கு என்ன வேலைன்னு மட்டுமாவது சொல்லுங்க. அதுக்குத் தகுந்தமாதிரி கத்தி, கரண்டியெல்லாம் எடுத்து வைக்கணும்ல?"

"உனக்குத்தான் ரொம்ப கஷ்டமான வேலை, மகளே. உன்னால முடியுமான்னே எனக்குச் சந்தேகம்." சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

பாத்திரம் என்றுதான் நினைத்தேன். எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி இரண்டாம் தேதி தமாலேவையும் அவரே பொறுப்பேற்றார். மாவு பிசைய நான் கையை நீட்டியபோது மரக்கரண்டியால் ஓர் அடி வைத்தார். உப்பு அதிகம், காரம் போதாது. அம்மா ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டே ஐந்து தின்றார். அன்று இரண்டு முறை சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அவர் பேரப்பிள்ளைகளிடம் பொம்மை கிடைத்தவனின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். இப்போது போய் அதை எப்படிக் கெடுப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குச் சமாதானமா கிடைக்காது.

அறைகளின் சொந்தக்காரி எர்மிலாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொலைபேசியில் யார் கேட்டாலும் "சரி, சரி" என்பாள். ஆனால் தவக்காலம் தொடங்குமுன் ஒருவர் நேரில் வந்து, அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காபி குடித்துவிட்டுப் போனால்தான் சாவி நம்முடையது. முகம் காட்டாதவனுக்குப் புனித வாரத்தில் அறை இல்லை. போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். பொம்மை கிடைத்த மூன்று வருடமும் நான்தான் போயிருக்கிறேன்.

அப்பா போகத் தயாரானார். பொழுது விடிந்துகொண்டிருந்தது. கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"அப்பா, நான் போயிட்டு வரேன். ஒரு நாள் லீவு போட்டுக்கறேன்."

"நீ எதுக்குப் போகணும்?"

"உங்க உடம்பு..."

"பொம்மை யார்கிட்ட இருக்கோ அவங்கதான் போகணும். அது சட்டம். சட்டம் போட்டவனே மீறலாமா?"

கண்ணாடிக்குள் அவர் கண் என் கண்ணைப் பிடித்தது. ஒரு கணம் காத்திருந்தார். இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன், அவர் காத்திருந்தார். பொம்மை என் கைப்பைக்குள், உதட்டுச்சாயம் வைக்கிற சின்ன அறைக்குள் இருந்தது. கையை விட்டால் எடுத்துவிடலாம். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"சரி, மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லி, தொப்பியை இன்னொரு முறை சரிசெய்துகொண்டு கிளம்பினார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார். முகம் வெயிலில் சிவந்திருந்தது. காலணியைக் கழற்றி அம்மாவின் மருதாணித் தொட்டியில் மணலைக் கொட்டினார். காற்சட்டை முழங்கால் வரை உப்பேறி விறைத்திருந்தது.

"தனியாவா கடல்ல இறங்கினீரு? அறிவு இருக்கா உமக்கு?" என்று அம்மா கத்தினார்.

"முழங்கால் வரைக்கும்தாண்டி. சின்னப் பையன் மாதிரி திட்டாத. எர்மிலா கையால காபி குடிச்சாச்சு, சாவி நம்மளுது. ஆறாம் நம்பர் ரூம் ஜன்னல்ல கொசுவலை கிழிஞ்சிருக்கு, அதையும் தைக்கச் சொல்லிட்டேன்."

பதினோரு நாள் கழித்து, மதியம் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

மருத்துவர் இதயம் என்றார். பல வருடமாகவே தேய்ந்துபோன இதயம், பயணம் போனாலும் போகாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார். அவர் நல்ல மனிதர். நான் அவரை நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

சவப்பெட்டியில் வைத்த பிறகு சோகோரோ அழுதுகொண்டே அப்பாவின் பைகளை எல்லாம் துழாவினாள். சட்டைகள், காற்சட்டைகள், தொப்பியின் உள்பட்டி, மேசை அறைகள் எதையும் விடவில்லை.

"அப்பாவோட பொம்மை எங்கக்கா? அதை அவர் கைக்குள்ள வெச்சு அனுப்பலாம். எவ்வளவு சந்தோஷமா வெச்சிருந்தாரு... எங்க போட்டாருன்னே தெரியல."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வாய்விட்டு அலறவும் முடியாது. ஒரு முறை கைப்பையோடு பெட்டி அருகே போனேன். யாரும் பார்க்காத நேரத்தில் அவர் விரல்களுக்குள் செருகிவிடலாம், எல்லாம் சரியாகிவிடும். விரலைத் தொட்டுவிட்டேன். முடியவில்லை. போகிறபோதும் என் பொய்யை அவர் கையிலேயே கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"கடல்ல இறங்கினாருல்ல, அங்கதான் தொலைச்சிருப்பாரு" என்று கடைசியில் எஃப்ராயின் சொன்னான். எல்லோரும் அதை நம்பினார்கள்.

ஒன்பது நாள் செபமாலை முடிந்ததும், இந்த வருடம் பயணம் வேண்டாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அம்மா மேசையைத் தட்டினார். "அந்த மனுஷன் போயி முகத்தக் காட்டிட்டு வந்திருக்காரு. நாம போகலைன்னா எர்மிலா அவரைப் பொய்யன்னு நினைப்பா. கருப்பு உடுத்திக்கிட்டே போவோம்."

போனோம். நாலு பத்துக்குப் புறப்பட்டோம். இக்ஸ்லானில் சிறுநீருக்கு மட்டும் நிறுத்தினோம். ஆறாம் எண் அறையில் கொசுவலை தைத்திருந்தது. எர்மிலா அம்மாவைக் கட்டிக்கொண்டு, "வந்தப்ப ரெண்டு காபி குடிச்சாரு, ஒண்ணு போதாதாம்" என்று சொல்லி அழுதாள்.

பெரிய வியாழன் காலையில், ஓலைப் பந்தலுக்கடியில் ஃபிதென்சியோ உறையைக் கிழித்தான். அப்பாவின் குரலில், நிறுத்தங்களைக் கூவுவதுபோல வாசித்தான்.

"எஃப்ராயின்: காலை ஆறு மணிக்குப் பந்தல் பிடிப்பது. தூங்கிவிட்டேன் என்று சொன்னால் மணலில் படுக்க வேண்டும். ஃபிதென்சியோ: ஐஸ் பெட்டி தூக்குவது, அதைக் காலி செய்வதும் அவன்தான் என்பதால். சோகோரோ: காலைச் சமையல், வாயை மூடிக்கொண்டு. என் மனைவி தொமாசா: எல்லோரையும் திட்டுவது, வழக்கம்போல." சிரித்தோம், அழுதோம், மூக்கைத் துடைத்துக்கொண்டோம். "சிப்ரியானோ: எல்லா வேளையும் பாத்திரம்."

அவன் குரல் அங்கே கொஞ்சம் தடுமாறியது. பிறகு கடைசி வரியைப் படித்தான்.

"அம்பாரோ: ஒன்றுமில்லை. நீல நாற்காலி, முகம் கடலைப் பார்த்து. அவளைச் சமையலறைக்குக் கூப்பிடுகிறவர் வழியில் இறங்கி வீட்டுக்கு நடந்து போகலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். என்னை இழுத்துக்கொண்டு போய் நீல நாற்காலியில் உட்கார வைத்தார்கள். செத்தவர் சொல் அல்லவா, ஒருவரும் மீறவில்லை. நான் ஒரு கோப்பையை எடுத்தால் பிடுங்கினார்கள். தக்காளியைத் தொட்டால், "நடந்து வீட்டுக்குப் போகணும் அண்ணி" என்றான் ஃபிதென்சியோ. எழுந்தால் குழந்தைகள் வந்து மடியில் ஏறிக்கொண்டன. அப்பாவின் பாத்திரங்களை ஆளுக்கொரு வேளை கழுவினார்கள். எத்தனை வருடமாக நான் ஆசைப்பட்டேனோ அது அப்படியே கிடைத்தது. கடல் எதிரே விரிந்து கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நரகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. அன்றைக்குக் கடலில் குளித்தால் மீனாகிவிடுவார்கள் என்று அம்மா குழந்தைகளைத் தண்ணீர் பக்கம் விடவில்லை. கரையெங்கும் குடும்பங்கள் உலர்ந்த உடம்போடு சும்மா உட்கார்ந்திருந்தன. கரியில் சுட்ட மீனைத் தின்று முடித்திருந்தோம். எண்ணெய்ப் பிசுக்கேறிய தட்டுகள் பந்தலடியில் குவிந்திருந்தன. செய்ய வேலையும் இல்லை, ஒளிய இடமும் இல்லை. கைப்பையைத் திறந்து பொம்மையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அப்பா கடல்ல தொலைக்கல" என்றேன். "அவர்கிட்ட இருந்ததே இல்ல. ஜனவரியிலேருந்து எங்கிட்டதான் இருக்கு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஃபிதென்சியோ சிரிக்கப் பார்த்தான். சோகோரோவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

"அப்போ... எர்மிலாவப் பார்க்கப் போக வேண்டியது நீ."

"ஆமா."

"அந்தப் பத்து மணி நேர பஸ்ஸு. அந்த வெயிலு. நீ போயிருக்கணும்."

"ஆமா சோகோரோ."

"அவரு பொட்டியில கிடக்கறப்ப நான் பைத்தியக்காரி மாதிரி பை பையாத் துழாவினேனே. நீ பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தியே!" அவள் குரல் உடைந்தது. "எப்படிக்கா முடிஞ்சுது உன்னால?"

அவள் எழுந்து, தட்டுகளை வாரிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் அறையை நோக்கி நடந்தாள். எஃப்ராயின் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கரையோரம் போனான். ஃபிதென்சியோவும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான். பந்தலடியில் நானும் அம்மாவும்தான்.

அம்மா பொம்மையை எடுத்து, காற்றில் பறக்கப் பார்த்த துடைதாள்மேல் பாரமாக வைத்தார்.

"அவருக்குத் தெரியும்" என்றார்.

"என்னம்மா?"

"அன்னிக்கே தெரியும். படுக்கறப்ப சொன்னாரு. 'ஒம் பொண்ணு பின் கதவுல ஏறிட்டு காசு அனுப்பாம நிக்கிறா, கண்ணாடியில பார்த்தேன்'னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு."

"தெரிஞ்சுமா போனாரு? என்கிட்ட கேட்டிருக்கலாமே அம்மா. அன்னிக்குக் காலையில ஒரு வார்த்தை... அவர் ஒரு தடவை கேட்டிருந்தா நான் எடுத்துக் குடுத்துட்டு நானே போயிருப்பேனே!"

"நானும் அதத்தான் சொன்னேன், கேளும்யான்னு." அம்மா கடலைப் பார்த்தார். "கேட்டா அவ செஞ்சிடுவாளே, அதனாலதான் கேட்கல, அப்படின்னாரு."

நான் அழுதேன். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. பக்கத்துப் பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னைத் தடவிக்கொடுக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. அவரும் புருஷனைப் பறிகொடுத்தவர்தானே.

அழுது ஓய்ந்ததும், பாத்திரமாவது கழுவலாம் என்று எழுந்தேன். சோகோரோ பக்கத்தில் நின்று, அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே கழுவினால் கொஞ்சம் ஆறும் என்று தோன்றியது.

"எங்க போற?"

"அவளுக்கு ஒத்தாசையா..."

"உட்காரு" என்றார் அம்மா. "அந்த மனுஷன் உனக்கு ஒரே ஒரு வேலைதான் குடுத்தாரு. அதையாச்சும் செய்யி."

நீல நாற்காலியில் உட்கார்ந்தேன். முகம் கடலைப் பார்த்து இருந்தது. பின்னாலிருந்து சோகோரோ தட்டுகளைப் போட்டு உடைப்பதுபோலக் கழுவுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. பொழுது சாயும்வரை காத்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.